கேட்டு எழுதுங்கள்: நாலு குரல் சேர்ந்தால்

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது, ஆண்கள் முப்பது நாற்பது பேர் வாத்தியமே இல்லாமல் பாடிய ‘பார்பர்ஷாப் கோரஸ்’ நிகழ்ச்சிக்குப் போனேன். மெய்சிலிர்த்துவிட்டது. நாங்கள் நாலு நண்பர்கள், ஓய்வு பெற்றவர்கள். கர்நாடக சங்கீதத்தில் கேள்வி ஞானம் உண்டு. ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக் குறியீடு) தெரியாது. சேலத்தில் இதை முயன்று பார்க்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தாராளமாக முயலுங்கள். அந்தப் பாணியே நாலு குரலுக்காக உண்டானதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் முடிதிருத்தும் கடையிலும் தெருமுனையிலும் கூடிப் பாடி வளர்த்த இசை அது. 1938-இல் துல்சா நகரில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். வளர்த்தவர்களையே அதில் 1963 வரை சேர்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

நொட்டேஷன் பற்றிக் கவலை வேண்டாம். அங்கேயே பலர் தங்கள் பகுதியை ஒலிப்பதிவில் கேட்டுத்தான் பாடம் செய்கிறார்கள். நாலு குரலுக்கும் தனித்தனிப் பெயர். லீட் என்பவர் மெட்டைப் பாடுவார். டெனர் அதற்கு மேலே, மெல்லிய குரலில். பேஸ் அடியில் தாங்குவார். மிச்சமிருக்கும் சுரம் பேரிடோனுக்கு; லீடுக்கு மேலும் கீழும் தாவ வேண்டியிருக்கும், தனியாகக் கேட்டால் பாட்டாகவே தோன்றாது. உங்களில் யாருக்குக் காது நுட்பமோ அவரிடம் அதைக் கொடுங்கள். சேலத்தில் ஒரு தேவாலயத்தின் ஆண்கள் பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். குழு நிமிர்வதும் சரிவதும் நடுக்குரலால்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? தம்புராவில். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்குமே, பார்பர்ஷாப்காரர்கள் தேடுவதும் அந்த மாதிரி ஒலியைத்தான். பேஸ் ஸட்ஜம் பிடிக்கட்டும், இன்னொருவர் பஞ்சமம். மூன்றாமவர் அந்தக் காந்தாரத்தில் வந்து சேரட்டும். நாலாமவருக்குக் கைசிகி நிஷாதம், ஆனால் நாம் வழக்கமாகப் பாடுவதைவிட ஓர் இழை இறக்கி. 4:5:6:7 என்ற அதிர்வெண் விகிதத்தில் நாலும் பொருந்தி உட்கார்ந்ததும், யாரும் பாடாத மேல் சுரம் ஒன்று கணீரென்று ஒலிக்கும். அதைக் கேட்கத்தான் அத்தனை பேரும் கூடுகிறார்கள்! எல்லோரும் ஒரே மாதிரி வாய் திறந்து ‘ஆ’ சொல்ல வேண்டும். சித்திரை வெயிலானாலும் ஃபேனை நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சல் கார்வையைத் தின்றுவிடும். முடிந்தால் ஒரு ஞாயிறு ஏற்காடு ஏறிவிடுங்கள், ஃபேனே வேண்டாம்.

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதை, விட்டுவிட வேண்டும். உங்களுக்கு இதுதான் கஷ்டம். ஒருவர் குரல் அசைந்தாலும் நாலும் கலைந்துவிடும். அதனால் முதல் பாட்டுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களில் ஒன்றை எடுங்கள். மேற்கத்திய மெட்டில் அமைந்தவை, நேரான சுரங்கள், உங்கள் காதில் ஏற்கெனவே ஊறியவை.

கேள்வி: பெண்கள் இதைப் பாடுவதில்லையா?
– வாசகி, ஏற்காடு

பதில்: பாடுகிறார்கள், பிரமாதமாக. 1945-இல் அதே துல்சாவில் ‘ஸ்வீட் அடிலைன்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பு பிறந்தது. ஆண்கள் சங்கமும் 2018-இல் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பெண்கள் பாடினாலும் டெனர், லீட், பேரிடோன், பேஸ் என்றே பிரிவுகள். மேலே சொன்ன நாலு சுரப் பயிற்சி உங்களுக்கும் பொருந்தும். ஸட்ஜத்தை மட்டும் உங்கள் கட்டைக்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.