பார்ட்டிஷனரை மாற்றினேன், நோட் தனியாக நிற்கிறது

கேள்வி: மின் மீட்டர் அளவுகளை கசாண்ட்ரா டேட்டாபேஸில் சேமிக்கிறோம். 3 நோட் (சர்வர்), ஒவ்வொரு டேட்டாவுக்கும் 3 நகல். மீட்டருக்கு 15 நிமிடத்துக்கு ஒரு அளவு வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு யூயூஐடி (தனித்த அடையாள எண்), அதுதான் பிரைமரி கீ. ஒரு மீட்டரின் அளவுகளைக் கேட்டால் 'அலோ ஃபில்டரிங்' (எல்லா வரிகளையும் தேடிப் பார்க்க அனுமதி) போட வேண்டியிருக்கிறது, ரொம்ப மெதுவு. டேட்டா சிதறிக் கிடப்பதுதான் காரணம் என்று நினைத்து, ஒரு நோடின் யாமல் (செட்டிங்) ஃபைலில், கீகளைக் கலைத்துப் பரப்பும் மர்மர்3 பார்ட்டிஷனரை எடுத்துவிட்டு, கீ வரிசைப்படி வைக்கும் பைட் ஆர்டர்டு பார்ட்டிஷனரைப் போட்டேன். ஸ்டார்ட் ஆகவில்லை. டேட்டா ஃபோல்டரை அழித்தேன், இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் தனியாக நிற்கிறது. அது சீட் நோடும்கூட (மற்ற நோடுகள் சேரும்போது முதலில் தொடர்புகொள்ளும் நோட்). என்ன செய்வது?
- ஒரு வாசகர், கோவை

பதில்: அழித்தவரை போதும், மற்ற இரண்டிலும் கை வைத்துவிடாதீர்கள், உங்கள் டேட்டா இப்போது அங்கேதான் இருக்கிறது.

பார்ட்டிஷனர் என்பது நோடுக்கு நோடு மாற்றிப் பார்க்கிற செட்டிங் இல்லை. எந்தக் கீ எந்த டோக்கனுக்கு (எந்த நோடில் வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு) போகும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது, டிஸ்கில் இருக்கும் ஃபைல்களும் அந்த டோக்கன் வரிசையில்தான் எழுதப்படுகின்றன, எந்தப் பார்ட்டிஷனரில் எழுதியது என்ற பெயரும் ஃபைலோடு சேர்ந்தே இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் கசாண்ட்ரா லாகில் அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். முதல் தடவை நடந்தது அது. ஃபோல்டர் காலியானதும் அந்தத் தடை போய்விட்டது, ஆனால் நோடுகள் தங்களுக்குள் காசிப் (நிலவரத்தைப் பரிமாறும் பேச்சு) பேசும்போதும் பார்ட்டிஷனர் பெயரைச் சொல்லிக்கொள்கின்றன, வேறு பெயரோடு வருபவரை மற்றவர்கள் கண்டுகொள்வதே இல்லை. சீட் என்பதால் அது யாரையும் எதிர்பார்க்காமல் தானே ஒரு தனிக் கிளஸ்டராக (நோடுகளின் கூட்டமாக) கிளம்பிவிட்டது. சொந்தமாகப் பார்ட்டிஷனர் கிளாஸ் எழுதி லிப் ஃபோல்டரில் ஜார் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

சரி, மீட்பது எப்படி? அந்த நோடை நிறுத்துங்கள், யாமலில் மர்மர்3-ஐத் திரும்பப் போடுங்கள், தவறான பார்ட்டிஷனரில் உருவான ஃபைல்களையும் இன்னொரு முறை அழியுங்கள். அப்புறம் அதன் ஐபியை அதனுடைய சீட் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், சீட் நோட் மற்றவர்களிடமிருந்து டேட்டாவை இழுத்துக்கொள்ளாது, பலர் சறுக்குவது இங்கேதான். பிறகு 'ரீப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட்' என்ற ஜேவிஎம் ஆப்ஷனில் அதே ஐபியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சேர்ந்ததும் நோட்டூல் ரிப்பேர் (நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டுங்கள், ஏனென்றால் இந்த நோடுக்கு வராமல் விட்டுப்போன பதிவுகளை மற்ற நோடுகள் டீஃபால்ட்டாக 3 மணி நேரத்துக்குத்தான் குறித்து வைத்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு சீட் பட்டியலைப் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் அசல் கேள்வி. 3 நோட், 3 நகல் என்றால் ஒவ்வொரு நோடிலும் மொத்த டேட்டாவும் இருக்கிறது, அப்புறம் சிதறல் எங்கிருந்து வந்தது? பாவம், பார்ட்டிஷனர் மேல் தப்பே இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் தனி யூயூஐடி என்றால் ஒவ்வொரு வரியும் தனிப் பார்ட்டிஷன் (சேர்ந்தே சேமிக்கப்படும் தொகுப்பு), ஒரு மீட்டரைத் தேட முழு டேபிளையும் துழாவ வேண்டும். 'அலோ ஃபில்டரிங்' கேட்கும்போதே உங்கள் கீ தப்பு என்று கசாண்ட்ரா சொல்லிவிட்டது.

மீட்டர் எண்ணும் வருடமும் சேர்ந்து பார்ட்டிஷன் கீ, நேரம் கிளஸ்டரிங் கீ (பார்ட்டிஷனுக்குள் வரிசைப்படுத்துவது) என்று புது டேபிள் போடுங்கள், இருக்கும் டேபிளில் பிரைமரி கீயை மாற்ற முடியாது. 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 96, வருடத்துக்கு 35,040 வரிகள். வரிகள் சிறியவை என்பதால் ஒரு பார்ட்டிஷனுக்குத் தாராளமாகத் தாங்கும். அதற்குள் நேர வரிசை தானாகவே இருக்கும், நீங்கள் பைட் ஆர்டர்டிடம் எதிர்பார்த்ததும் அதுதானே. நாளைக்கு நோடுகள் கூடும்போது அந்தப் பார்ட்டிஷனர், ஒரே முன்னெண்ணில் தொடங்கும் மீட்டர்களை எல்லாம் ஒரே நோடின் தலையில் கட்டியிருக்கும்.

புது டேபிளுக்குப் பழைய வரிகளை மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றாவது நோட் சேர்ந்து ரிப்பேர் முடிந்த பிறகு ஓட்டுங்கள்.