முதலில் மாமாவுக்கு இடம் பாருங்கள்

கேள்வி: ஜூலை 14 கடற்கரை வாணவேடிக்கைக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், நாத்தனார் என ஐந்து பேர், இரண்டு பைக். எங்கே நின்றால் நன்றாகத் தெரியும், வண்டியை எங்கே விடுவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று தினமும் வீட்டில் வாக்குவாதம். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. போன வருஷம்வரை விளக்கு ஊர்வலத்தில் நடந்தவர், இப்போது முழங்கால் வலி. எங்கள் நாய் வெடிச்சத்தத்துக்கு மிரளும் என்பதால், ‘நான் நாயோட இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க’ என்று அவரே சொல்லிவிட்டார். நல்ல யோசனை சொல்லுங்கள்.
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வண்டி நிறுத்துவதைப் பிறகு பார்ப்போம். நாய்க்குத் துணை வைத்துவிட்டீர்கள். மாமாவுக்கு யார் துணை?

அவரே சொன்னார் என்கிறீர்கள். எப்போது சொன்னார்? ஐந்து பேர், இரண்டு பைக் என்று நீங்கள் பேசி முடித்த பிறகுதானே? அதில் ஆறாவது ஆள் உட்கார இடமே கிடையாது. அதைக் காதால் கேட்ட பெரியவர் வேறென்ன சொல்வார்? ‘என்னையும் கூட்டிப் போங்க’ என்று மருமகளிடம் வாய்விட்டுக் கேட்பாரா? பொங்கல், தீபாவளி, திருவிழா என்று எது வந்தாலும் எனக்கு இப்படிக் கடிதம் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் தாமாகவே வீட்டில் இருக்கச் சம்மதித்திருப்பார். நான் ஒருமுறைகூட அதை நம்பியதில்லை.

அதுவும் எந்த நாளில் விட்டுவிட்டுப் போகிறீர்கள்! 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையைப் பிடித்தார்கள். 1880 முதல் அது பிரான்சின் தேசிய விழா. நம் ஊரில் 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். அதற்குப் பிறகும் இங்கே இந்த விழா நடக்கிறது என்றால் உங்கள் மாமாவைப் போன்றவர்களால்தான். முந்தின நாள் சாயங்காலம் விளக்கு ஏந்தி நடப்பவர்கள் அவர்கள். பீச் ரோட்டுப் போர் நினைவிடத்தில் இரண்டு நாட்டு கீதத்துக்கும் விறைப்பாக நிற்பவர்கள் அவர்கள். பீரோவிலிருந்து மெடலை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, சட்டையில் குத்திக்கொள்கிற நாள் அது. போன வருஷம் தன்னோடு நடந்தவர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும். உங்களுக்கு அரை மணி நேர வேடிக்கை. அவருக்கு மிச்சமிருக்கும் சிநேகிதர்களைப் பார்க்கும் நாள்.

நாயைக் காரணம் காட்டாதீர்கள். தீபாவளிக்கு வாசலிலேயே வெடிக்கிறோம், அதையே தாங்கிய நாய் அது. கடற்கரைச் சத்தம் லாஸ்பேட்டைக்கு எவ்வளவு வந்துவிடும்? உள்ரூமில் விட்டு ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். போதும்.

இனி ஏற்பாடு. பீச் ரோட்டில் தினமும் சாயங்காலம் 6 மணிக்கு மேல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். கூட்ட நாளில் முன்கூட்டியே தடுப்பு வைத்தாலும் வைப்பார்கள். அதனால் 5 மணிக்கெல்லாம் மாமா ஆட்டோவில் கடற்கரையில் இறங்கிவிட வேண்டும். நாத்தனாரும் ஒரு பிள்ளையும் அவரோடு வரட்டும். நீங்கள் ஒரே பைக்கில் போய் உள் வீதியில் நிறுத்திவிட்டு வாருங்கள். இரண்டாவது பைக்கே வேண்டாம். காந்தி சிலையடியில் போய் நெருக்கிக்கொண்டு நிற்காதீர்கள். கரை நேராக ஓடுகிறது, மேலே வெடிப்பது சற்றுத் தள்ளி இருந்தாலும் தெரியும். கூட்டம் குறைந்த பக்கமாக மடக்கு நாற்காலியைப் போட்டு, காலை நீட்ட ஒரு சின்ன ஸ்டூலும் வையுங்கள். கழிப்பறை எங்கே என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் வறுவலும் கட்டிக்கொண்டால் முடிந்தது. வேடிக்கை முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள், கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருங்கள். திரும்பும்போது ஆட்டோ எந்த வீதி முனையில் நிற்கும் என்று டிரைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அதுவரை அவர் நடக்க வேண்டும், கை கொடுத்துக் கூட்டிவர வேண்டியது மகன்.

உங்கள் கணவர் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. இந்தப் பதிலை இன்றைக்கே அவரிடம் படிக்கக் கொடுங்கள். அழைக்க வேண்டியது பெற்ற பிள்ளை. ‘வர்றீங்களாப்பா’ என்று கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்பார். ‘நாலரைக்கு ஆட்டோ வருதுப்பா, கிளம்பி இருங்க’ என்று சொல்லச் சொல்லுங்கள்.