வீடியோவில் புரிகிறது, வகுப்பில் புரியவில்லை!

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் சார் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதுகிறோம், அவ்வளவுதான். அதே பாடம், ஐஐடி பேராசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் (NPTEL) வீடியோவில் நன்றாகப் புரிகிறது. எம்.எஸ்சி.யை ஆன்லைனிலேயே படித்தால் என்ன என்று தோன்றுகிறது. கொரோனா சமயத்தில் அண்ணன் கல்லூரி வகுப்பை ஆன் செய்துவிட்டுத் தூங்கியதைப் பார்த்த அம்மா, "அதெல்லாம் ஒரு படிப்பா?" என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: அம்மா பார்த்தது பொய்யில்லை. ஆனால் அது கல்லூரியைப் பூட்டியதால் அவசரமாகச் செய்த ஏற்பாடு. அதை வைத்து ஆன்லைன் படிப்பை எடைபோட வேண்டாம். 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. அதில் எவ்வளவு பாடத்துக்குப் போனது என்று அண்ணனைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்!

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. வீடியோவை நிறுத்திவிட்டு அதே தேற்றத்தை வெள்ளைத் தாளில் நிரூபிக்க முடிகிறதா? நன்றாக விளக்குபவர் சொன்னால் எல்லாம் எளிதாகத்தான் தெரியும். நாம் எழுதும்போதுதான் சறுக்கும். மூன்றாவது வரியிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவியதை வீடியோ கவனிக்காது. பக்கத்தில் இருக்கும் தோழி, "இது எப்படிடீ வந்துச்சு?" என்று கேட்பாள். நோட்ஸ் மட்டும் சொல்லும் வகுப்பில் ஆசிரியரும் இதைப் பார்ப்பதில்லை என்பது எனக்கும் வருத்தம்தான். அதற்காக எம்.எஸ்சி. வகுப்பும் இப்படியே இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே செமினார், ப்ராஜெக்ட் என்று நீங்களே பலகை முன் நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

வீட்டிலிருந்தே படிக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஜனவரியில் தொடங்கும் 12 வார என்பிடெல் பாடம் ஒன்றில் சேருங்கள். சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. யாரும் கேட்காமலே எட்டாவது வாரத்திலும் அசைன்மென்ட் அனுப்பிக்கொண்டிருந்தால் ஆன்லைன் உங்களுக்கு ஒத்துவரும். நான்காவது வாரத்தோடு நின்றுபோனால், பேசாமல் பஸ் பாஸ் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், பட்டத்தின் மதிப்பு. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் தரும் ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் பணம் கட்டும் முன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டில் எம்.எஸ்சி. கணிதத்தை ஆன்லைனில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.