லேப்டாப்ல பாஸ், ஜென்கின்ஸ்ல ஃபெயில்: ரீட்ரை போட்டுடலாமா?

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): சார், ஜாவா, செலினியம்ல (பிரவுசரை தானா ஓட்டிப் பார்க்கற டூல்) டெஸ்ட் ஆட்டோமேஷன் எழுதுறேன். சேவ் பட்டனை அழுத்தினதும் "பதிவாயிடுச்சு"ன்னு ஒரு சின்ன மெசேஜ் வரும், அதை செக் பண்ற டெஸ்ட் என் லேப்டாப்ல எப்பவும் பாஸ், டெஸ்ட்களை தானா ஓட்டற ஜென்கின்ஸ் சர்வர்ல மட்டும் சில நாள் ஃபெயில். மெசேஜை பார்க்கறதுக்கு முன்னாடி சும்மா காத்திருக்கற ஸ்லீப் 3 செகண்ட் இருந்துச்சு, சரி சேஃப்டிக்குன்னு 10 ஆக்கினேன், இப்ப என் லேப்டாப்லயே ஃபெயில் ஆகுது! டீம் லீட் "ரீட்ரை போட்டு விடும்மா, ரிலீஸ் இருக்கு"ங்கறார், அதாவது ஃபெயில் ஆனா தானா திரும்ப ஓட்டறது. என்ன பண்ணட்டும்?

பதில்: லேப்டாப்லயும் ஃபெயில் ஆனது நல்லதுங்க, விஷயம் அதுலயே இருக்கு. அந்த மாதிரி டோஸ்ட் மெசேஜ் சில செகண்ட்ல தானா மறைஞ்சுடும். 3 செகண்ட்ல பார்த்தா லேப்டாப்ல மெசேஜ் இருக்கும், ஆனா ஜென்கின்ஸ் மெஷின்ல அதே நேரம் இன்னும் நாலு பில்ட் ஓடிட்டிருந்தா ரெஸ்பான்ஸே வந்திருக்காது. 10 செகண்ட் கழிச்சு பார்த்தா மெசேஜ் வந்து போயே போயிருக்கும். அப்ப 3ம் தப்பு 10ம் தப்பு, நடுவுல ஏதோ ஒரு நம்பர் சரியா இருக்கும்னு தேடாதீங்க, அப்படி ஒண்ணு கிடையாது. அதுவும் போக 300 டெஸ்ட்ல ஆளுக்கு 10 செகண்ட் தூங்கினா 50 நிமிஷம் சும்மா போச்சு.

ஸ்லீப்பை தூக்கிட்டு வெப்டிரைவர்வெயிட் போடுங்க. அது அரை செகண்டுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும், வந்த உடனே அடுத்த லைனுக்கு போயிடும், நீங்க குடுக்குற 15 செகண்ட் அதிகபட்ச வரம்புதான், அவ்வளவு நேரமும் நிக்காது. எதுக்காக வெயிட் பண்றோம்ங்கறதுதான் முக்கியம். டோஸ்டை விட, சேவ் ஆன ரெக்கார்டு லிஸ்ட்ல வந்துடுச்சான்னு பாருங்க, அது மறையாது. லோடிங் சக்கரம் மறையற வரைக்கும் வெயிட் போடுறவங்க நிறைய பேர், அதுல ஒரு குழி இருக்கு: சக்கரம் இன்னும் வரவே இல்லைன்னா "மறைஞ்சுடுச்சு"ன்னு உடனே நம்பி தாண்டிடும். இம்ப்ளிசிட் வெயிட் (எல்லா எலிமெண்ட் தேடலுக்கும் பொதுவா வைக்கற காத்திருப்பு) ஏற்கெனவே போட்டிருந்தா எடுத்துடுங்க, 10 இம்ப்ளிசிட், 15 எக்ஸ்ப்ளிசிட் (மேல சொன்ன வெப்டிரைவர்வெயிட்)னு ரெண்டும் கலந்தா 20 செகண்ட்ல கூட டைம்அவுட் ஆகலாம்னு செலினியம் டாக்குமெண்ட்லயே எச்சரிக்கை இருக்கு.

சரியாச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? லேப்டாப்ல வேணும்னே ஸ்லோ பண்ணுங்க. குரோம் டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க்கையும் சிபியுவையும் இறுக்கலாம், இல்ல டெஸ்ட் சர்வர்ல சேவ் கோரிக்கையை வாங்கற ஏபிஐக்கு 5 செகண்ட் டிலே வைங்க. அதுலயும் திரும்பத் திரும்ப பாஸ் ஆனா நம்பலாம்.

ரீட்ரை பத்தி. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல அப்பாச்சி அமைப்போட ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்கள்ல, இந்த மாதிரி சில சமயம் மட்டும் ஃபெயில் ஆகற டெஸ்ட்களை சரிபண்ண மாற்றங்களை அலசினாங்க, வகை பிரிக்க முடிஞ்சதுல கிட்டத்தட்ட பாதி சரியா வெயிட் பண்ணாததாலதான். ஆனா எல்லாமே டெஸ்ட் தப்பு இல்லைங்க, பட்டன் கண்ணுக்கு தெரியுது, பின்னாடி கிளிக்கை கவனிக்கற ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒட்டலை, கிளிக் காத்துல போகுதுன்னா ஸ்லோ போன் வச்சிருக்கற கஸ்டமருக்கும் அதேதான் நடக்கும், ரீட்ரை அதையும் மூடி மறைச்சிடும். ரிலீஸ் ராத்திரிக்கு ஒரே ஒரு ரீட்ரை போடுங்க, தப்பில்ல, ஆனா ரெண்டாவது தடவை பாஸ் ஆனதெல்லாம் தனி லிஸ்ட்டா லீட் மேஜைக்கு போகணும்.

கேள்வி (திருச்சி வாசகர்): எங்க டெஸ்ட் ஒண்ணு ராத்திரி 2 மணி ரன்ல மட்டும் ஃபெயில், பகல்ல எப்ப ஓட்டினாலும் பாஸ். சர்வர் லோடா இருக்குமா?

பதில்: லோடு இல்லைங்க, தேதியா இருக்கும். சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடுதான்னு பாருங்க, நமக்கும் அதுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், அதனால நம்ம நள்ளிரவுல இருந்து காலைல 5:30 வரைக்கும் அதுக்கு இன்னும் நேத்துதான். ஒரு பக்கம் இந்திய தேதி, இன்னொரு பக்கம் சர்வர் தேதின்னு ஒப்பிட்டா அந்த நேரத்துல மட்டும் இடிக்கும். கோடு நேரா கடிகாரத்தை கேட்காம, ஜாவால கிளாக் ஆப்ஜெக்டை வெளில இருந்து வாங்கற மாதிரி மாத்துங்க, டெஸ்ட்ல ஒரே நேரத்துல உறைய வச்ச கிளாக்கை குடுத்துடலாம். ஜாவாஸ்கிரிப்ட்னா, ஜெஸ்ட்ங்கற டெஸ்ட் டூல்ல இதுக்கு ஃபேக் டைமர்ஸ் இருக்கு. அப்புறம் அந்த 2 மணி நேரத்தையே வச்சு தனியா ஒரு டெஸ்ட் எழுதுங்க, ஏன்னா கஸ்டமரும் 2 மணிக்கு ஆர்டர் போடுவாரு.

கேள்வி (சென்னை வாசகர்): செலினியத்தை விட்டுட்டு ப்ளேரைட்ங்கற டூலுக்கு மாறிட்டா இந்த தலைவலி எல்லாம் போயிடுமா?

பதில்: பாதி போகும். கிளிக் பண்றதுக்கு முன்னாடி எலிமெண்ட் தெரியுதா, ஆடாம நிக்குதா, எனேபிள் ஆயிருக்கா, மேல வேற எதுவும் மறைக்கலையான்னு அதுவே பார்த்துக்கும், ரிசல்ட்டை சரிபார்க்கற எக்ஸ்பெக்ட்டும் 5 செகண்ட் வரைக்கும் திரும்பத் திரும்ப பார்க்கும். ஆனா பேக்எண்ட்ல க்யூவுல கிடக்கற வேலை முடிஞ்சுதான்னு அதுக்கு தெரியாது, அதை நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். வெயிட்ஃபார்டைம்அவுட்னு ஒண்ணு அங்கயும் இருக்கு, அதுவும் நம்ம பழைய ஸ்லீப்தான், ரிவ்யூல பார்த்தா அப்ரூவ் பண்ணாதீங்க.