படைக்கப்பலோடு மூழ்கிப்போன உறவினரைப் பற்றி எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி கேட்டவரின் பாட்டிக்கு ஒரு அண்ணன். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயிலிருந்து படைக்கப்பலில் போனவர் திரும்பவில்லை. கப்பல் மூழ்கிவிட்டது என்பது மட்டும் வீட்டில் தெரியும். இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை, இனி எங்கே போவது என்று கேட்டிருக்கிறார்.

பெயரைத் தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். முதலில் நாளைத் தேடுங்கள். இது எங்களுக்குப் புரிய நான்கு வருஷம் ஆனது.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். தாத்தாவும் அவர் தம்பியும் 1930களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தாத்தா தோல் பதனிடும் வேலைக்குப் போனார். சின்னத் தாத்தாவுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. பம்பாய்த் துறைமுகத்தில் அதற்குப் ‘பண்டாரி’ என்று பெயர். போர் வந்ததும் அவர் இருந்த கப்பலில் பட்டாளத்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். அப்புறம் ஆள் வரவே இல்லை.

சின்ன ஆச்சிக்குக் கப்பலின் பெயர் தெரியாது. எங்கே மூழ்கியது என்றும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் அழுத்தமாக நினைவிருந்தது. மாலுமியின் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் வீட்டில் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் ஆச்சி அதை வாங்கி வருவாராம். “மாசி மாசத்து ரூவா வரல. பங்குனியும் வரல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுய்யா” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்கு விளக்கேற்றிப் படைப்போம்.

நாங்கள் அந்தப் பேச்சைத் துக்கமாக மட்டுமே கேட்டோம், தகவலாகக் கேட்கவில்லை. பெயரை விதவிதமாக எழுதிப் பார்த்தோம். ஒரு அலுவலகத்தில் அந்தக் காலத்துத் தாளையெல்லாம் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் அத்தை, அதாவது அந்தக் கைக்குழந்தை, தன் ஜாதகத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். அவர் பிறந்தது சித்திரபானு வருஷம். அடுத்த சுபானு வருஷம் மாசியில் பணம் நின்றிருக்கிறது. அதாவது 1944 பிப்ரவரி, மார்ச்.

பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையதளத்தில் பெயரே போடாமல் தேதியை மட்டும் போட்டுத் தேடலாம், கட்டணம் கிடையாது. இறந்த தேதிக்கு ஒரு வரம்பு கொடுத்து, வணிகக் கப்பற்படை, இந்தியா என்று சுருக்கினேன். 1943 டிசம்பரிலிருந்து 1944 மார்ச் வரை பார்த்தேன். செய்தி வந்து சேரவே மாதங்கள் ஆகும் என்பதால் முன்னால் இரண்டு மூன்று மாதம் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரே தேதி வரிசையாக வந்துகொண்டே இருந்தது. 12 பிப்ரவரி 1944. கப்பல், கெடிவ் இஸ்மாயில்.

மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குப் போன படைக்கப்பல் அது. மாலத்தீவை நெருங்கும்போது ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி விட்ட இரண்டு டார்பிடோக்கள் தாக்கி, மூன்று நிமிஷத்துக்குள் மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 1,500 பேரில் 1,297 பேர் இறந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர்தான் அதிகம். செவிலியர்களும் இருந்தார்கள். கூட வந்த பெட்டார்ட், பாலடின் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் அந்த நீர்மூழ்கியை விரட்டி அழித்தன. அதற்காக ஆழ்கடல் வெடிகளைப் போட்டபோது தப்பியவர்கள் இன்னும் தண்ணீரில்தான் இருந்தார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தையிடம் இந்த வரியை மட்டும் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பட்டியலில்தான் சின்னத் தாத்தா இருந்தார். சுடலை என்று தொடங்கும் பெயர். நாங்கள் ஆங்கில ‘எஸ்’ எழுத்திலேயே தேடிக்கொண்டிருந்தோம், அவர் ‘சி’ எழுத்தில் இருந்தார். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதி, ஒரே பெயரை இரண்டாக உடைத்தும் வைத்திருந்தார். அப்பா பெயரும், ‘டின்னவேலி’ என்ற ஊரும், பண்டாரி என்ற வேலையும் பொருந்தியதால்தான் அவர் என்று உறுதியானது. நீங்களும் பழைய ஊர்ப்பெயர்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: டுட்டிகோரின், நெகபட்டம், ராம்நாட், டாஞ்சூர். வேலையின் பெயரும் உதவும். சாரங் (மாலுமிகளின் தலைவர்), டிண்டல் (அவருக்கு அடுத்தவர்), டோபாஸ் (துப்புரவு வேலை) என்றெல்லாம் போட்டிருப்பார்கள். டிண்டல் என்பது நம் தண்டல்தான்.

அடுத்து, படைக்கப்பலில் போனவர் என்றாலே பட்டாளத்துக்காரர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பாட்டியின் அண்ணன் சிப்பாயா, கப்பல் ஊழியரா என்பதைப் பொறுத்து வழியே மாறிவிடும். ஒரே கப்பலில் இறந்தவர்களின் பெயர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கெடிவ் இஸ்மாயிலில் போன ஆப்பிரிக்க வீரர்களின் பெயர்கள் நைரோபி நினைவகத்தில் இருக்கின்றன. இந்திய மாலுமிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரே மாதிரியான இரண்டு புத்தகங்களில் இருக்கின்றன. இந்திய வணிகக் கப்பல்களில் போய்க் கடலிலேயே மறைந்த கிட்டத்தட்ட 6,000 பேர் அதில் அடக்கம். சிப்பாய் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சி, ரங்கூன் தவுக்கியான், டெல்லி நினைவகங்களின் பட்டியல்களைப் பாருங்கள். படை எண் தெரிந்தால் அந்த ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிக்கிய இந்தியச் சிப்பாய்களைக் கப்பலில் அடைத்து நியூகினி பக்கம் கொண்டுபோனார்கள். அந்தக் கப்பல்களில் கைதிகள் இருப்பது வெளியே தெரியாது. 26 ஜனவரி 1943 அன்று புயோ மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ தாக்கியபோது, அதிலிருந்த 491 இந்தியக் கைதிகளில் 195 பேர் இறந்தார்கள். பாட்டியின் அண்ணன் 1942க்கு முன்னால் மலேயா போனவராக இருந்தால் இந்த வழியையும் விடாதீர்கள்.

‘எங்கள் வீட்டுக்கு ஏன் யாரும் எதுவும் சொல்லவில்லை’ என்ற கோபம் எங்களுக்கும் இருந்தது. கப்பல் இழப்புகளைப் போர்க்காலத்தில் மறைத்தே வைத்தார்கள். ரோனா என்ற கப்பல், நம் ஊர்க்காரர்கள் மலேயா போய்வந்த ரஜூலாவின் இணைக்கப்பல். சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் என்று ஓடியது. போரில் படைக்கப்பலாகி, 26 நவம்பர் 1943 அன்று அல்ஜீரியா கரைக்கு அப்பால் ஜெர்மானியரின் வானொலி வழிகாட்டும் குண்டுக்கு இரையானது. 1,015 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், கூடவே இந்திய மாலுமிகளும் போனார்கள். அமெரிக்கக் குடும்பங்களுக்கே பல வருஷம் உண்மை தெரியாது. அப்படியிருக்க, தாராவியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு யார் வந்து சொல்லியிருப்பார்கள்?

கப்பலின் பெயர் உறுதியானபின் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். போர்க்கால ஊழியர் பட்டியல்கள் அங்கே பி.டி. 381 (BT 381) என்ற வரிசையில் இருக்கின்றன. கப்பலின் பதிவு எண்ணைக் கொண்டு கேட்க வேண்டும்.

போன வருஷம் அத்தையை மசூதி பந்தர் ஸ்டேஷன் பக்கத்திலுள்ள மாலுமிகள் இல்லத்துக்கு அழைத்துப்போனேன். மும்பைப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது. முதல் உலகப் போரில் கடலில் இறந்த 2,000க்கும் மேற்பட்ட மாலுமிகளுக்கான நினைவிடமும் அதே இல்லம்தான். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நான் விரல் வைத்துக் காட்டிய வரியின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மேலேயும் கீழேயும் இருந்த பெயர்களைப் படிக்கச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். இப்போது நாங்கள் விளக்கேற்றுவது பிப்ரவரி 12 அன்று.

உங்கள் பாட்டி இருக்கிறார் என்றால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். பணமோ கடிதமோ எந்த மாதம் நின்றது, அப்போது வீட்டில் யார் பிறந்திருந்தார்கள், அண்ணனுக்கு என்ன வேலை, அப்பா பெயர் என்ன. கிடைப்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்த மாதங்களின் பட்டியலை நானும் உங்களோடு சேர்ந்து பார்க்கிறேன்.