மைக்ரோகன்ட்ரோலரில் ஒரே ஒரு பின் மிச்சம். அதிலிருந்து நேரும் தலைகீழுமாக இரண்டு சிக்னல் எடுப்பது எப்படி, ஒன்று ஆன் என்றால் மற்றது கட்டாயம் ஆஃபாக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர்டு டிஜிஸ்பார்க் (ஏடிடைனி85) என்று சொல்லியிருக்கிறீர்கள், எதற்கென்று சொல்லவில்லை. இரண்டு எல்இடியை மாற்றி மாற்றி எரிக்கத்தான் என்றால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், பேஸில் 10கே ரெசிஸ்டர், கலெக்டரில் 1கே போதும். மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஆனால் "ஒன்று ஆன் என்றால் மற்றது கட்டாயம் ஆஃப்" என்று அழுத்திக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாஸ்ஃபெட் ஹாஃப் பிரிட்ஜ் ஓட்டுபவர்கள் (சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு மாஸ்ஃபெட்; இரண்டும் ஒன்றாக ஆன் ஆனால் ஷார்ட்). நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

"பிபி0, பிபி1 இரண்டு பின்னையும் விடுவி, சிப்பின் டைமர்1-இலேயே டெட் டைம் (இரண்டும் ஆஃபாக இருக்கும் இடைவெளி) ஜெனரேட்டர் இருக்கிறதே" என்று ஒருவர் வருவார். இருக்கிறது, நல்ல வழியும்கூட. அதற்கு இரண்டு பின் வேண்டும். கேள்வி ஒரு பின்னைப் பற்றியது.

பிரிட்ஜுக்கு அந்த டிரான்சிஸ்டர் ஆகாது. சாச்சுரேஷனில் (முழுக்க ஆன் ஆன நிலையில்) பேஸில் தேங்கிய சார்ஜ் வடிய நேரம் பிடிக்கும். ஆன் ஆவது சட்டென்று, ஆஃப் ஆவது இழுத்துக்கொண்டு. அதனால் ஒரு விளிம்பில் இரண்டு சிக்னலும் சற்று நேரம் லோ, மறு விளிம்பில் கொஞ்ச நேரம் இரண்டும் ஹை. 74ஹெச்சி86 என்ற எக்ஸ்ஆர் கேட் ஐசியில் ஒரு கேட்டின் இரண்டாவது இன்புட்டை கிரவுண்டிலும், இன்னொரு கேட்டில் அதை 5 வோல்ட்டிலும் கட்டினால் இரண்டு பக்க தாமதமும் கிட்டத்தட்ட சமமாகும். லாஜிக் வேலைக்கு அருமை, பிரிட்ஜுக்குப் போதாது: மாஸ்ஃபெட்டின் கேட் காலில் உள்ள சார்ஜ் காலியாகும் முன்பே எதிர்ப்பக்கம் ஆன் ஆகிவிடும். நடுவே இரண்டும் ஆஃபாக இருக்கும் இடைவெளி வேண்டும்.

ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர் கொண்ட ஒரே ஒரு 74ஹெச்சி14 ஐசியில் அது கிடைக்கும். பின்னிலிருந்து 1கே, அதன் முனையில் கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட், பிறகு தொடராக இரண்டு இன்வெர்ட்டர்: இது நேர் சிக்னல். மறுபக்கம் முதலில் ஒரு இன்வெர்ட்டர், பிறகு அதே 1கே, 1 நானோஃபாரட், இரண்டு இன்வெர்ட்டர். இரண்டு 1கே-க்கும் குறுக்கே 1என்4148 டயோடு, கேதோடு சிக்னல் வரும் பக்கம். ஏறும் விளிம்பு சுமார் 0.7 மைக்ரோசெகண்ட் தாமதிக்கும், இறங்கும் விளிம்பு டயோடு வழியே உடனே போகும். டயோடைத் திருப்பிப் போட்டால் டெட் டைம் ஓவர்லேப்பாக மாறி மாஸ்ஃபெட் போய்விடும். மிஞ்சும் ஆறாவது கேட்டின் இன்புட் கிரவுண்டுக்கு, சப்ளைக்கு 0.1 மைக்ரோஃபாரட். அவுட்புட் இரண்டும் ஐஆர்2110 போன்ற மாஸ்ஃபெட் டிரைவர் ஐசிக்கு.

இவ்வளவு வேண்டாம் என்றால் ஐஆர்2104 என்ற ஹாஃப் பிரிட்ஜ் டிரைவர். ஒரே இன்புட், உள்ளேயே சுமார் 520 நானோசெகண்ட் டெட் டைம், 10 முதல் 20 வோல்ட் சப்ளை. அதே மாதிரி இருக்கிறதே என்று ஐஆர்2111 வாங்கிவிடாதீர்கள். அதன் இன்புட் அளவு சப்ளையோடு சேர்ந்து ஏறும், 5 வோல்ட்டை ஹை என்றே எடுத்துக்கொள்ளாது.

யாரும் பேசாதது ரீசெட். அப்போது பின் மிதக்கும், 10கே புல்டவுன் (பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ரெசிஸ்டர்) கட்டாயம். அது இருந்தாலும் இன்வெர்ட்டர் ஒரு பக்கத்தை ஆனில்தான் வைக்கும். பாதி நேரம் ஹை, பாதி நேரம் லோ என்ற 50 சதவீதத்தில் மோட்டார் நிற்கும்படி அமைத்த ஃபுல் பிரிட்ஜ் (இரண்டு ஹாஃப் பிரிட்ஜ்) என்றால், ரீசெட்டில் மோட்டார் முழு வேகத்தில் ஒரு பக்கம் ஓடும். ஐஆர்2104-இன் எஸ்டி (ஷட்டவுன்; ஹை ஆனால்தான் டிரைவர் இயங்கும்) காலை அதே பின்னைக் கொண்டே அடக்கலாம்: பின்னிலிருந்து 10 நானோஃபாரட், கிரவுண்டிலிருந்து அந்த முனைக்கு ஒரு பிஏடி85 டயோடு, அங்கிருந்து எஸ்டிக்கு இன்னொன்று, எஸ்டியில் 100 நானோஃபாரடும் 100கே-யும் கிரவுண்டுக்கு. பின்னில் பிடபிள்யூஎம் பல்ஸ் ஓடும்வரை எஸ்டி ஹை. நின்றால் பத்து, பதினைந்து மில்லிசெகண்டில் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஆஃப். 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 4 வோல்ட் கிடைக்கும், ஒரு கிலோஹெர்ட்ஸில் 2.2 தான், எஸ்டிக்கு 3 வேண்டும்.

3.3 வோல்ட் போர்டு என்றால் 5 வோல்ட்டில் ஓடும் ஹெச்சி ரகம் (74ஹெச்சி14 போன்றது) கூடாது, ஹெச்சிடி (74ஹெச்சிடி14) வேண்டும். ஹெச்சிக்கு ஹை என்பது 3.5 வோல்ட்டிலிருந்து, ஹெச்சிடிக்கு 2. கடைக்காரரோ "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று ஹெச்சியைத்தான் நீட்டுவார். எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஷ்மிட் வரம்பும் (இன்புட்டை ஹை என்று எடுத்துக்கொள்ளும் அளவு) ஹெச்சிடியில் தாழ்வு என்பதால், அதே 1கே, 1 நானோஃபாரடுக்கு டெட் டைம் குறையும், கெப்பாசிட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.