ஏர் பியூரிஃபையர் வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆஸ்துமா இருக்கிறது. அவன் தூங்கும் அறைக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கலாம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒன்றில் 'ட்ரூ ஹெப்பா', இன்னொன்றில் 'ஹெப்பா டைப்' என்று போட்டிருக்கிறது. வேறொன்று '80 சதுர மீட்டர் வரை போதும்' என்கிறது. எதை நம்பி வாங்குவது?

பதில்: பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள். சிஏடிஆர் (CADR) என்று இருக்கும். ஒரு மணி நேரத்தில் அந்த மெஷின் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பதுதான் அது. அந்த எண்ணே பெட்டியில் இல்லை, கேட்டாலும் சொல்லவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

இப்போது அறையை அளந்துகொள்ளுங்கள். நீளம் 4 மீட்டர், அகலம் 3, உயரம் 3 என்று வைத்துக்கொண்டால் 36 கன மீட்டர். இந்தக் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து முறையாவது ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். 36ஐ 5ஆல் பெருக்கினால் 180. ஆக, இந்த அறைக்குக் குறைந்தது 180 சிஏடிஆர் தேவை. சில பெட்டிகளில் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். அதை 1.7ஆல் பெருக்கினால் கன மீட்டர் கணக்கு வந்துவிடும்.

'80 சதுர மீட்டர்' எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்துவிடுவோம். ஒரு மெஷினின் சிஏடிஆர் 250 என்று வையுங்கள். காற்று மணிக்கு ஒரே ஒரு முறை சுத்தமானால் போதும் என்று கணக்குப் போட்டால் 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 83 சதுர மீட்டர் வரை வரும். ஐந்து முறை என்று போட்டால் அதே மெஷின் 16 சதுர மீட்டருக்குத்தான் தாங்கும். மெஷின் ஒன்றுதான், கணக்குதான் வேறு. பெட்டியில் பெரிதாக அச்சாகியிருப்பது பெரும்பாலும் முதல் கணக்கு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அறைக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்து யோசியுங்கள். அந்த சிஏடிஆர், ஃபேன் உச்ச வேகத்தில் ஓடும்போது அளந்தது. அந்த இரைச்சலில் குழந்தை தூங்குமா? தூங்காது. நீங்களே எழுந்து 'ஸ்லீப் மோட்' போடுவீர்கள். அதில் சத்தம் குறையும், கூடவே சுத்தமாகும் காற்றும் பாதிக்குக் கீழே போய்விடும். அதனால்தான் கணக்கில் 180 வந்தாலும் 300 அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டச் சொல்கிறேன். சின்ன மெஷினை அலறவிடுவதைவிடப் பெரிய மெஷினை மெல்ல ஓட்டுவது எவ்வளவோ மேல்.

ஹெப்பா விஷயத்துக்கு வருகிறேன். 1940களில் அணுகுண்டு தயாரிப்பின்போது கதிரியக்கத் துகள்களைப் பிடிப்பதற்காக உருவான ஃபில்டர் அது. அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்தால்தான் ஹெப்பா. ஐரோப்பிய முறையில் எச்13 என்று போட்டிருந்தால் 99.95 சதவீதம். வீட்டுக்கு இரண்டும் தாராளம். 'அதைவிடச் சின்னத் துகள் தப்பிவிடாதா?' என்று பலர் கேட்கிறார்கள். தப்பாது. ஏறக்குறைய 0.3 மைக்ரான்தான் பிடிக்க மிகக் கடினமான அளவு. அதைவிடச் சிறியவை காற்றில் தாறுமாறாக அலைந்து இழைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன, பெரியவை நேராக மோதிச் சிக்குகின்றன. 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்ற சொற்களுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பையனுக்காக ஒன்று. மெஷின் வந்துவிட்டது என்று இன்ஹேலரையோ மருந்தையோ மருத்துவரைக் கேட்காமல் குறைத்துவிடாதீர்கள். ஏர் பியூரிஃபையர் ஒரு துணைதான். ஆஸ்துமாவைத் தூண்டும் தூசிப்பூச்சியின் கழிவு கனமானது. படுக்கையை உதறும்போது எழும்பிக் கொஞ்ச நேரத்தில் மறுபடி மெத்தையிலேயே படிந்துவிடும், மெஷின் வரைக்கும் போகவே போகாது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 55 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவைப்பது அவனுக்கு இந்த மெஷின் அளவுக்கே முக்கியம். அப்புறம், வீட்டில் யாராவது புகைபிடிப்பவர் இருந்தால் அது வீட்டுக்கு வெளியேதான் நடக்க வேண்டும். காற்றைச் சுத்தம் செய்வதால் புகையின் பாதிப்பை முழுதாக நீக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கையே தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: இரவு முழுக்கக் கதவு, ஜன்னல் எல்லாம் மூடி ஏர் பியூரிஃபையர் ஓடுகிறது. விளக்கு பச்சையாகவே எரிகிறது. ஆனாலும் காலையில் தலை கனமாக, அறை புழுக்கமாக இருக்கிறது. மெஷின் பழுதா?

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கும். அதற்குத் தூசியும் புகைத் துகளும் மட்டும்தான் தெரியும். நீங்கள் விடும் மூச்சுக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு எந்த ஹெப்பா ஃபில்டரிலும் சிக்காது. வெளிக்காற்றில் அது இப்போது 420 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கை, தாண்டியிருக்கிறது. இருவர் படுத்திருக்கும் மூடிய அறையில் விடிவதற்குள் 2,000 பிபிஎம்மை எளிதாகக் கடந்துவிடும். புழுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், அல்லது அறைக்கதவையாவது திறந்து விடுங்கள். வெளியே புகைமூட்டமாக இருந்தால் காற்று ஓரளவு தெளிந்திருக்கும் நேரமாகப் பார்த்து பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிட்டு மூடி, மெஷினை வேகமாக ஓட்டுங்கள்.

தலை கனமாக இருக்கிறது என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் கேஸ் ஹீட்டரோ, கரி அல்லது விறகு எரியும் அடுப்போ இருக்கிறதா? இருந்தால் கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். எந்த ஏர் பியூரிஃபையரும் அதை நீக்காது. அதற்கென்று தனி அலாரம் விற்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே எல்லோரும் வெளியேறிவிட்டு உதவிக்கு அழையுங்கள். இதில் தயக்கமே கூடாது.

கேள்வி: டிஸ்பிளேயில் பிஎம் 2.5 என்று 28 காட்டுகிறது, விளக்கு பச்சை. நல்ல காற்றா?

பதில்: பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதைவிடச் சிறியதுமான நுண்துகள். உலக சுகாதார நிறுவனம் அதற்கு 2021இல் சொன்ன அளவு: ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5. உங்கள் 28 அதைவிட அதிகம். எந்த எண் வரைக்கும் பச்சை எரிய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். எனவே விளக்கை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒளியைப் பாய்ச்சித் துகளை எண்ணும் சின்ன சென்சார். ஹியூமிடிஃபையரின் நீர்த்துளியைக்கூடத் தூசி என்று எண்ணிவிடும். அதன் துளையைச் சில மாதங்களுக்கு ஒரு முறை உலர்ந்த பஞ்சால் துடையுங்கள்.

கேள்வி: புதுப் பெயிண்ட், புது அலமாரி. வாசனை போகவே இல்லை. கார்பன் ஃபில்டர் உள்ள மாடல் வாங்கினால் போய்விடுமா?

பதில்: எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல மாடல்களில் கறுப்புப் பஞ்சு மாதிரி ஒரு மெல்லிய தாள்தான் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் எடையே தெரியாது. அது சில வாரங்களில் நிறைந்துவிடும். வாசனையை உண்மையிலேயே பிடிக்கக்கூடியது மணி மணியாகக் கார்பன் கொட்டி நிரப்பிய ஃபில்டர். தூக்கினால் கனமாக இருக்கும், லேசாகக் குலுக்கினால் சலசலக்கும். அலமாரிப் பலகையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு சாதாரணக் கார்பனில் சரியாகப் பிடிபடாது, அதற்கென்று ரசாயனம் ஏற்றிய கார்பன் வேண்டும். உங்கள் நிலைமையில் நான் மெஷின் வாங்க அவசரப்பட மாட்டேன். அலமாரிக் கதவுகளைத் திறந்து போட்டு, ஜன்னலுக்கு முன் வெளியே பார்த்தபடி ஒரு ஃபேனை வைத்துச் சில வாரம் விடுங்கள். முடிந்தால் அதுவரை வேறு அறையில் படுங்கள்.

கேள்வி: அயனைசர் உள்ளது நல்லதா? ஓசோன் கிருமியைக் கொல்லும் என்கிறார்களே?

பதில்: அயனைசர் என்பது காற்றில் உள்ள துகள்களுக்கு மின்னேற்றம் கொடுக்கும் பகுதி, அதிலிருந்து ஓசோன் வாயு வரலாம். ஆட்கள் இருக்கும் அறையில் ஓசோன் வேண்டவே வேண்டாம். கிருமியைக் கொல்லும் அளவுக்கு ஓசோன் இருந்தால் அது நம் நுரையீரலையும் புண்ணாக்கும். வாசனைத் திரவம் போட்டுத் தரை துடைத்த வீட்டில் அந்த வாசனைப் பொருளோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் உண்டாகும். சுத்தம் செய்ய வாங்கிய பொருள் அழுக்கைத் தயாரிக்கும் கொடுமை இது. ஏர் பியூரிஃபையர் வெளியிடும் ஓசோனுக்கு 0.050 பிபிஎம் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டமாகவே வரம்பு வைத்திருக்கிறது. 'ஓசோன் ஜெனரேட்டர்' என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அயனைசர் உள்ள மாடல் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அந்த பட்டனை அணைத்து வையுங்கள், ஹெப்பா தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மெஷின் பக்கத்தில் போனால் ஜெராக்ஸ் மெஷின் அருகே வருவது போல மூக்கில் ஏறும் ஒரு வாடை வந்தால் அது ஓசோனாக இருக்கலாம். நிறுத்திவிடுங்கள்.

யூவி விளக்குக்காகவும் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள். காற்று அதைக் கடந்து போகும் நொடி நேரத்தில் பெரும்பாலான வீட்டு மெஷின்களில் பெரிதாக எதுவும் நடந்துவிடாது.

கேள்வி: இதற்குப் பதில் நாலு தொட்டிச் செடி வைத்தால் போதாதா?

பதில்: செடி வையுங்கள், மனதுக்கு நல்லது. காற்றுக்கு அது போதாது. இந்த நம்பிக்கை 1989இல் வந்த நாசா ஆய்விலிருந்து பரவியது. அது சிறிய மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. இது போன்ற ஆய்வுகளை 2019இல் திரட்டிப் பார்த்தபோது, ஜன்னல் வழியாகச் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்று கணக்கு வந்தது.

கேள்வி: ஃபில்டர் விலை அதிகமாக இருக்கிறது என்று ஹெப்பா ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போட்டேன். பார்க்கப் புதிது மாதிரி இருக்கிறது. தவறா?

பதில்: செலவுக்குப் பயந்து செய்தது புரிகிறது. ஆனால் அந்த ஃபில்டரை இனி நம்பாதீர்கள். ஹெப்பா என்பது காகிதம் போல மடித்து மடித்து வைத்த மிக நுண்ணிய இழைகள். பல ஃபில்டர்களில் அந்த இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள், துகள் ஒட்டுவதில் பாதி வேலை அதனால்தான் நடக்கும். நனைந்தால் அது போய்விடும், இழைகளும் விலகும். வெள்ளையாகத் தெரிவதால் பயனில்லை. 'வாஷபிள்' என்று கையேட்டிலேயே எழுதியிருந்தால் மட்டும் கழுவலாம். முன்னால் இருக்கும் வலை மாதிரியான ப்ரீ ஃபில்டரை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தட்டி, கையேடு அனுமதித்தால் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். அதைச் செய்தாலே உள்ளே இருக்கும் ஹெப்பா கூடுதல் மாதங்கள் உழைக்கும்.

இனி வாங்குபவர்கள் மெஷின் விலையோடு ஃபில்டர் விலையையும் கேளுங்கள். பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு ஃபில்டர். ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் மெஷின் விலையையே ஃபில்டர் தாண்டிவிடும் மாடல்கள் இருக்கின்றன. அந்த ஃபில்டர் இன்னும் மூன்று வருடம் கழித்தும் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். மின்சாரச் செலவு பற்றிப் பயப்பட வேண்டாம். 50 வாட்ஸ் மெஷின் 24 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட்தான்.

கையில் அவ்வளவு பணம் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி. 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள். நான்கு மெர்வ் 13 ஃபில்டர்களை (மெர்வ் என்பது ஃபில்டர் துகளைப் பிடிக்கும் திறனுக்கான தர எண்) பெட்டி மாதிரி நிறுத்தி, அடியை அட்டையால் மூடி, மேலே ஒரு சதுர ஃபேனை வைத்து, இடுக்குகளை டேப்பால் ஒட்டிவிட்டால் நல்ல சிஏடிஆர் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது. வேலை உண்மையாகவே நடக்கும். பழைய, வயர் சூடாகும் ஃபேனை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: வாங்கி நாலு மாதம் ஆகிறது. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். எந்த மாற்றமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டோமா?

பதில்: முதலில் இடத்தை மாற்றுங்கள். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் தான் விட்ட காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். நான்கு பக்கமும் ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். ஹாலைவிடப் படுக்கையறைதான் சரியான இடம். ஒரே அறையில் தொடர்ந்து ஏழெட்டு மணி நேரம் மூச்சு விடுவது அங்கேதான்.

அதற்கு முன் மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சமீபத்தில் உறவினர் ஒருவர் இதே குறையைச் சொன்னார், போய்த் திறந்து பார்த்தேன். ஃபில்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. உறையின் மேல் தூசி, உள்ளே ஃபில்டர் பளிச்சென்று வெள்ளை. மூன்று மாதம் ஓடியிருக்கிறது. பல மாடல்களில் ஃபில்டரை உறைக்குள் வைத்தே அனுப்புகிறார்கள். அதைப் பிரிக்கச் சொல்லும் வரி கையேட்டின் உள்ளே எங்கோ இருக்கும். 'ஃபில்டர் மாற்றவும்' விளக்கும் பல மெஷின்களில் ஓடிய மணிக்கணக்கை மட்டுமே எண்ணுகிறது, உறை இருப்பது அதற்குத் தெரியாது.

உறை இருந்தால் பிரித்துவிட்டு, படுக்கையறையில் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எண் காட்டும் மாடல் என்றால் ஆரம்பத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று குறித்து அனுப்புங்கள். உறை இல்லை, எண்ணும் இறங்கவில்லை என்றால் சிஏடிஆரையும் அறையின் அளவையும் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.